உப்பில் அயோடின் எவ்வளவு?



உங்கள் வீட்டுச் சமையலறையில் உள்ள உப்புப் பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள். 'அயோடின் கலந்த உப்பு' என்று அதன்மேல் அச்சிட்டிருப்பார்கள். உப்பும் வெள்ளை, அதனுடன் கலக்கப்படும் அயோடின் சேர்மமும் வெள்ளை. கண்ணுக்கும் நாவுக்கும் மூக்குக்கும் வேறுபாடு தெரியாது. அப்படியானால், பொட்டலத்தில் எழுதியிருப்பது மெய்தானா என்று எவ்வாறு அறிவது? அயோடின் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், அது போதிய அளவில் இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது?

இதற்கு விடை காண விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. உங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் பியூரெட்டும் பிப்பெட்டும் கூம்புக் குடுவையும் போதும். உப்பு, சோப்பு, மாத்திரை, குளிர்பானம் என்று நாம் விலை கொடுத்து வாங்கும் ஒவ்வொரு பொருளின் உறையிலும் ஏதோ ஒரு எண் அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த எண் சரியா என்று கேட்கும் கலையே வேதியியல் பகுப்பாய்வு. அதன் முதல் பாடத்தை உப்பிலிருந்து தொடங்குவோம்.

ஏன் இந்த அக்கறை?

நமது கழுத்தின் முன்புறத்தில் தைராய்டு என்னும் சுரப்பி இருக்கிறது. அது சுரக்கும் தைராக்சின் என்ற ஹார்மோனின் ஒவ்வொரு மூலக்கூறிலும் 4 அயோடின் அணுக்கள் உள்ளன. உடலின் வளர்ச்சிக்கும் மூளையின் வளர்ச்சிக்கும் இந்த ஹார்மோன் இன்றியமையாதது. வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை. கருவுற்ற தாய்க்கு 250 மைக்ரோகிராம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. நாளுக்கு 150 மைக்ரோகிராம் வீதம் ஒருவர் 70 ஆண்டுகள் வாழ்ந்தாலும், அவருடைய வாழ்நாள் தேவை 4 கிராமைக்கூட எட்டாது!

இந்தச் சிறு அளவு கிடைக்காவிட்டால் தைராய்டு சுரப்பி வீங்கி, முன்கழுத்துக் கழலை தோன்றும். கழலை கண்ணுக்குத் தெரியும் தீங்கு. கண்ணுக்குத் தெரியாத தீங்கு அதனினும் பெரிது. தாயின் உடலில் அயோடின் மிகவும் குறைந்துவிட்டால் கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். பிறந்தபின் எவ்வளவு மருந்து கொடுத்தாலும் அந்த இழப்பை முழுவதும் ஈடுசெய்ய இயலாது. ஆகவே உப்பில் அயோடின் எவ்வளவு என்ற கேள்வி, இன்னும் பிறவாத குழந்தையின் அறிவு வளர்ச்சியைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

காங்ரா பள்ளத்தாக்கு சொன்ன பாடம்

அயோடின் என்னும் தனிமத்தை 1811-இல் பிரான்சு நாட்டு பெர்னார் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலில் கண்டறிந்தார். நூற்றாண்டின் இறுதியில் யூஜின் பௌமான் என்ற ஜெர்மானிய வேதியியலார், தைராய்டு சுரப்பியில் அயோடின் இருப்பதைக் காட்டினார். 1922-இல் சுவிட்சர்லாந்து நாட்டில் உப்புடன் அயோடின் கலந்து வழங்கத் தொடங்கினார்கள்.

நம் நாட்டில் இமயமலை அடிவாரத்தில் முன்கழுத்துக் கழலை பரவலாக இருந்தது. மழையும் பனியாறுகளும் மண்ணிலுள்ள அயோடினை அரித்துச் சென்றுவிட்டதால், அம்மண்ணில் விளையும் பயிரிலும் அயோடின் இல்லை. இன்றைய இமாசலப் பிரதேசத்திலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில், டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் 1956-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு. மூன்றாவது பகுதிக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில், அயோடின் உப்பு உண்ட இரு பகுதிகளிலும் கழலை வெகுவாகக் குறைந்தது; மற்றப் பகுதியில் அவ்வாறு குறையவில்லை. இதன் பயனாக 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது.

கடல் உப்பில் அயோடின் இல்லையா?

இங்கே ஓர் ஐயம் எழலாம். "அயோடின் கடலில்தானே கிடைத்தது? தூத்துக்குடி, வேதாரணியம் உப்பளங்களில் கடல்நீரைக் காய்ச்சி எடுக்கும் உப்பில் அது தானாகவே இருக்குமே?" என்று பலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அதே நீரில் அயோடினோ ஏறத்தாழ 60 மைக்ரோகிராம்தான். அது முழுவதும் உப்போடு தங்கிவிட்டாலும், 60-ஐ 35-ஆல் வகுக்க, ஒரு கிராம் உப்பில் 1.7 மைக்ரோகிராம் வருகிறது. அதாவது பத்து இலட்சம் பங்கு உப்பில் 2 பங்குகூட அயோடின் இல்லை. உண்மையில் இதுவும் தங்குவதில்லை. பாத்தியில் உப்பு படிகமாகும்போது அயோடினில் பெரும்பகுதி எஞ்சிய கசப்பு நீரோடு போய்விடுகிறது. சட்டப்படி கடைக்கு வரும் உப்பில் இருக்கவேண்டியதோ குறைந்தது 15 பங்கு. கடற்கரையில் விளைந்தது என்பதற்காக உப்பில் போதிய அயோடின் இருந்துவிடாது என்பதை இந்தச் சிறு கணக்கே காட்டிவிடுகிறது.

15 பங்கு என்ற எண்ணின் பொருளையும் பாருங்கள். ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம். நாளுக்கு 10 கிராம் உப்பு உண்பவருக்கு 150 மைக்ரோகிராம். அதற்காக அதிகமாக உப்பு உண்ணலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உண்பதே இரத்த அழுத்தத்திற்கு நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அப்படிக் குறைத்து உண்பவருக்கு, உப்பில் அயோடின் சரியான அளவில் இருப்பது இன்னும் முக்கியமாகிறது அல்லவா?

அயோடினைச் சேர்ப்பது எவ்வாறு?

நம் நாட்டில் பொட்டாசியம் அயோடேட் என்னும் சேர்மத்தையே உப்பில் கலக்கிறார்கள். பொட்டாசியம் அயோடைடும் ஏற்றதுதான் என்றாலும், ஈரமும் வெப்பமும் மிகுந்த தட்பவெப்பத்தில் அது காற்றால் ஆக்சிஜனேற்றம் அடைந்து, அயோடினாகி ஆவியாகிவிடும். அயோடேட் அவ்வளவு எளிதில் சிதைவதில்லை. அயோடேட்டின் எடையில் 59 விழுக்காடு அயோடின். ஆகவே 15 பங்கு அயோடின் கிடைக்க, ஒரு டன் உப்புக்கு ஏறக்குறைய 25 கிராம் அயோடேட் போதும். இந்த ஒரு பிடிப் பொருளை நீரில் கரைத்து, உப்பின்மேல் தெளித்துக் கலக்குகிறார்கள். கலப்பது சீராக இல்லாவிட்டால் ஒரு மூட்டையில் மிகுதியாகவும் மற்றொன்றில் குறைவாகவும் போய்விடும். அளந்து பார்க்கவேண்டிய தேவை இங்கேதான் எழுகிறது.

உண்டா, இல்லையா?

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். உருளைக்கிழங்கை வெட்டி, வெட்டிய பக்கத்தில் உப்பைத் தூவி, சற்று நேரம் கழித்து எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால், அயோடின் உப்பாயின் நீல நிறம் தோன்றும். அமிலத்தில் அயோடேட்டிலிருந்து விடுபட்ட அயோடின், கிழங்கிலுள்ள ஸ்டார்ச்சுடன் சேர்ந்து தரும் நிறம் அது.

ஆனால் இந்தச் சோதனையை முழுவதும் நம்ப முடியாது. எலுமிச்சைச் சாற்றில் வைட்டமின் சி இருக்கிறது. அது அயோடினை நிறமற்ற அயோடைடாக மாற்றிவிடும். சாறு மிகுந்துவிட்டால், நல்ல அயோடின் உப்பிலும் நிறம் தோன்றாமல் போகலாம். நிறம் தோன்றினாலும், 'உண்டு' என்ற ஒரு சொல்தான் விடை. 5 பங்கா, 25 பங்கா என்று அது சொல்லாது. முதல் வகைச் சோதனையைப் பண்பறி பகுப்பாய்வு என்றும், 'எவ்வளவு' என்று கேட்பதை அளவறி பகுப்பாய்வு என்றும் உங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். இனி இரண்டாவதற்கு வருவோம்.

ஒன்று ஆறாகும் விந்தை

10 கிராம் உப்பில் இருக்கக்கூடிய அயோடின் 150 மைக்ரோகிராம் அளவுதான். சாதாரணப் பள்ளித் தராசுக்கு எட்டாத எடை இது. இதை எவ்வாறு அளப்பது? வேதியியலார் ஓர் அழகிய வழி கண்டிருக்கிறார்கள்.

உப்புக் கரைசலில் சிறிது கந்தக அமிலத்தையும் வேண்டிய அளவுக்கு மேலாகப் பொட்டாசியம் அயோடைடையும் சேர்க்கவேண்டும். அப்போது 1 மூலக்கூறு அயோடேட், 5 மூலக்கூறு அயோடைடுடன் வினைபுரிந்து, 3 மூலக்கூறு அயோடினை விடுவிக்கிறது. ஒவ்வோர் அயோடின் மூலக்கூறிலும் 2 அணுக்கள். ஆக மொத்தம் 6 அணுக்கள். உப்பிலிருந்து வந்தது ஓர் அணுதான். மற்ற ஐந்தும் நாம் சேர்த்த அயோடைடிலிருந்து வந்தவை. எனவே அளக்கவேண்டிய பொருள் ஆறு மடங்கு பெருகிவிடுகிறது!

விடுபட்ட அயோடினைச் சோடியம் தயோசல்பேட்டால் தரம் பார்க்கலாம். புகைப்படக்காரர்கள் 'ஹைப்போ' என்று அழைத்தார்களே, அதே பொருள்தான். 1 மூலக்கூறு அயோடினுக்கு 2 மூலக்கூறு தயோசல்பேட் செலவாகும். ஆகவே உப்பிலுள்ள ஒவ்வொரு மூலக்கூறு அயோடேட்டுக்கும் 6 மூலக்கூறு தயோசல்பேட் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை

அமிலக் கரைசலை ஆசிரியரே தயாரித்துத் தரட்டும். மற்றவற்றை அவர் மேற்பார்வையில் நீங்கள் செய்யலாம். தேவையானவை:

சோடியம் தயோசல்பேட், 0.005 மோலார் கரைசல் (1.24 கிராம் படிகத்தை, கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் வாலை வடிநீரில் கரைக்கவும்);
பொட்டாசியம் அயோடைடு, 10 விழுக்காடு கரைசல்;
கந்தக அமிலம், 2 நார்மல்;
ஸ்டார்ச்சுக் கரைசல், 1 விழுக்காடு, அன்றே தயாரித்தது.

1. பொட்டலத்திலுள்ள உப்பை நன்கு கலக்கி, பல இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து, 10 கிராம் துல்லியமாக நிறுத்துக்கொள்ளுங்கள்.

2. மூடியுள்ள கூம்புக் குடுவையில் இட்டு, 50 மி.லி. வாலை வடிநீரில் கரையுங்கள்.

3. 1 மி.லி. அமிலம் சேருங்கள்; பிறகு 5 மி.லி. பொட்டாசியம் அயோடைடு சேருங்கள். அயோடேட் இருந்தால் கரைசல் மஞ்சளாகும்.

4. குடுவையை மூடி, 10 நிமிடம் இருட்டான அலமாரியில் வையுங்கள்.

5. பியூரெட்டில் தயோசல்பேட்டை நிரப்பி, கரைசலின் மஞ்சள் நிறம் மிகவும் வெளிறும்வரை சொட்டுச்சொட்டாக விடுங்கள்.

6. இப்போது 2 மி.லி. ஸ்டார்ச்சுக் கரைசல் சேருங்கள். கருநீலம் தோன்றும். நிறம் முற்றிலும் மறையும்வரை தயோசல்பேட்டைத் தொடர்ந்து விடுங்கள். மறையும் அந்தச் சொட்டே முடிவுநிலை.

7. உப்பு இல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சேர்த்து, இதே முறையை ஒருமுறை செய்யுங்கள். இது வெற்றுச் சோதனை. இதில் செலவான அளவை முதல் அளவிலிருந்து கழிக்கவேண்டும்.

கணக்கு

1 மி.லி. 0.005 மோலார் கரைசலில் 0.000005 மோல் தயோசல்பேட் உள்ளது. இதை 6-ஆல் வகுத்து, அயோடினின் அணு எடையாகிய 126.9-ஆல் பெருக்கினால் 0.0001058 கிராம், அதாவது 105.8 மைக்ரோகிராம் அயோடின் கிடைக்கிறது. இது 10 கிராம் உப்பில் இருந்தது. ஆகவே ஒரு கிராமுக்கு 10.58 மைக்ரோகிராம். சுருக்கமாக:

அயோடின் (பத்து இலட்சத்தில் பங்கு) = செலவான மி.லி. × 10.58

பியூரெட்டில் ஒரு சிறு கோடு 0.1 மி.லி. அது ஏறத்தாழ ஒரு பங்குக்குச் சமம். பத்து இலட்சத்தில் ஒரு பங்கைப் பள்ளிக்கூடப் பியூரெட்டின் ஒரு கோட்டில் படிக்கிறீர்கள்!

எடுத்துக்காட்டாக, இரண்டு உப்புகளைச் சோதித்ததாகக் கொள்வோம். வெற்றுச் சோதனை 0.1 மி.லி. முதல் உப்புக்கு 2.1 மி.லி. செலவானால், 2.0 × 10.58 = 21.2 பங்கு. இது போதுமானது. இரண்டாவதற்கு 0.9 மி.லி. செலவானால், 0.8 × 10.58 = 8.5 பங்கு; குறைவு. நாளுக்கு 8 கிராம் உப்பு உண்பவருக்கு முதல் உப்பிலிருந்து 170 மைக்ரோகிராம் அயோடின் கிடைக்கும். இரண்டாவதிலிருந்து 68 மைக்ரோகிராம்தான் கிடைக்கும்; தேவையில் பாதிகூட இல்லை. ஒரு மி.லி.க்குச் சற்று மேற்பட்ட வேறுபாடு. ஆனால் உடல்நலத்தில் அதன் விளைவு எவ்வளவு பெரிது!

பிழை எங்கே நுழையும்?

குடுவையை ஏன் இருட்டில் வைக்கவேண்டும்? அமிலக் கரைசலில் உள்ள அயோடைடைக் காற்று சிறிது சிறிதாக அயோடினாக மாற்றும். ஒளி அதை விரைவுபடுத்தும். உப்பில் இல்லாத அயோடினையும் நாம் கணக்கில் சேர்த்துவிடுவோம்.

ஸ்டார்ச்சை ஏன் கடைசியில் சேர்க்கவேண்டும்? அயோடின் மிகுந்திருக்கும்போதே சேர்த்தால், ஸ்டார்ச்சு அதை இறுகப் பற்றிக்கொண்டு எளிதில் விடாது. முடிவுநிலை தெளிவாகத் தெரியாது.

தயோசல்பேட் கரைசல் நாட்பட்டால் வலுக் குறையும். நுண்ணுயிர்களும் நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடும் அதைச் சிதைக்கும். வலுக் குறைந்த கரைசல் அதிகமாகச் செலவாகும். குறைந்த உப்பும் நல்ல உப்பாகத் தோன்றும். ஆகவே, எடை தெரிந்த தூய பொட்டாசியம் அயோடேட்டைக் கொண்டு அதன் வலுவை அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ளவேண்டும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். ஒரே ஓர் அளவை வைத்துக்கொண்டு எந்தக் கடைக்காரரையும் குறை சொல்லக்கூடாது. ஒத்துப்போகும் மூன்று அளவுகள் கிடைக்கும்வரை திரும்பச் செய்யுங்கள். அதன்பிறகும் குறைவாக இருந்தால், ஆசிரியர் வழியாக உங்கள் பகுதியின் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். அவர் முறைப்படி மாதிரி எடுத்து அரசு ஆய்வகத்துக்கு அனுப்புவார். அங்கே கிடைக்கும் முடிவே சட்டப்படி செல்லும். ஆய்வகத்தில் பயன்படுத்திய உப்பை மீண்டும் சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அதே பியூரெட், வேறு பொருள்கள்

எலுமிச்சைச் சோதனையைக் குழப்பிய வைட்டமின் சி-யை நினைவிருக்கிறதா? அங்கே இடையூறாக இருந்த அதே வினை, மாத்திரையைச் சோதிக்கும்போது நமக்கு உதவியாக வருகிறது. 1 மூலக்கூறு வைட்டமின் சி, 1 மூலக்கூறு அயோடினை நிறமற்றதாக்கும். எனவே வலு தெரிந்த அயோடின் கரைசலைப் பியூரெட்டில் எடுத்து, மாத்திரைக் கரைசலில் ஸ்டார்ச்சுடன் தரம் பார்த்தால், வைட்டமின் தீர்ந்தவுடன் நீலம் நிலைத்துவிடும். 1 மி.லி. 0.01 மோலார் அயோடின், 1.76 மி.கிராம் வைட்டமின் சி-க்குச் சமம். 500 மி.கிராம் என்று அச்சிட்ட மாத்திரையை நீரில் கரைத்து 500 மி.லி. ஆக்கி, அதில் 10 மி.லி. எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 5.7 மி.லி. அயோடின் கரைசல் செலவாகவேண்டும். மாத்திரையைப் பிடித்துவைக்கும் மாவுப்பொருள்கள் கரையாமல் நின்றாலும் கவலை இல்லை; அவை அயோடினை நீக்குவதில்லை.

குடிநீர்த் தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடரையும் இவ்வாறே சோதிக்கலாம். அதிலுள்ள குளோரின் அயோடைடிலிருந்து அயோடினை விடுவிக்கும். அதைத் தயோசல்பேட்டால் அளந்தால், தூளில் இன்னும் எவ்வளவு வலு இருக்கிறது என்று தெரிந்துவிடும். உணவு, மருந்து, கிருமிநாசினி ஆகிய மூன்றுக்கும் அயோடின் என்ற ஒரே சாவி பொருந்துகிறது.

இன்னும் அளக்கவேண்டியிருக்கிறது

அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்பதற்கு நம் நாட்டில் 2006 முதல் மீண்டும் தடை நடைமுறையில் இருக்கிறது. ஆயினும், 2018-19-இல் நாடு முழுவதும் நடந்த ஆய்வில், வீட்டு உப்பில் 15 பங்கு அல்லது அதற்கு மேல் அயோடின் இருந்த குடும்பங்கள் 76.3 விழுக்காடுதான். தமிழ்நாட்டிலோ 61.9 விழுக்காடு. மாநிலங்களுள் கடைசி இடம் நம்முடையது! உப்பு விளைவிப்பதில் முன்வரிசையில் நிற்கும் மாநிலத்தில், பத்து வீடுகளில் ஏறத்தாழ நான்கில் போதிய அயோடின் இல்லாத உப்பு. உப்பளத்துக்கு அருகிலேயே வாழ்வதால், கலவாத கல்லுப்பு எளிதில் வீட்டுக்கு வந்துவிடுகிறது என்பது இதற்கு ஒரு காரணமாகலாம்.

சட்டமும் பொட்டலத்தில் அச்சிட்ட எழுத்தும் ஒருபுறம் இருக்க, குடுவையில் விழும் கடைசிச் சொட்டு என்ன சொல்கிறது என்று பார்க்கும் கை ஒவ்வோர் ஊரிலும் வேண்டும். அந்தக் கை உங்களுடையதாக இருக்கலாம். உங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு தேக்கரண்டி உப்பு வீதம் மூன்று கொண்டுவாருங்கள். வீட்டின் பெயரை எழுதாமல் எண் மட்டும் இடுங்கள். அளந்து அட்டவணை போடுங்கள். தூள் உப்புக்கும் கல்லுப்புக்கும், மூடிய சாடிக்கும் திறந்த பானைக்கும் வேறுபாடு இருக்கிறதா என்று பாருங்கள்.

விடை காணுங்கள்

1. 30 பங்கு அயோடின் உள்ள 10 கிராம் உப்புக்கு எத்தனை மி.லி. 0.005 மோலார் தயோசல்பேட் செலவாகும்? (வெற்றுச் சோதனையை விட்டுவிடுக.)

2. ஒரு மாணவி 10 கிராமுக்குப் பதில் 20 கிராம் உப்பு எடுத்தாள். 10.58 என்ற எண்ணுக்குப் பதிலாக அவள் எந்த எண்ணைப் பயன்படுத்தவேண்டும்?

3. மேலே சொன்ன முறையில் கரைத்த ஒரு வைட்டமின் சி மாத்திரைக் கரைசலில் 10 மி.லி.க்கு 5.4 மி.லி. 0.01 மோலார் அயோடின் செலவாயிற்று. மாத்திரையில் வைட்டமின் எவ்வளவு?

(விடைகள்: 1. ஏறத்தாழ 2.84 மி.லி. 2. 5.29. 3. ஏறத்தாழ 475 மி.கிராம்.)